ஒரே ஒரு வழி: நிரூபண ஆட்டப் போட்டி நடத்த விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் சதுரங்கப் பலகைகளோடு உட்கார்ந்திருப்போம். ஆனால் யாரும் யாரோடும் ஆடுவதில்லை. பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் இரண்டு பேர், சித்தூரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பக்கத்துத் தெருவின் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. ஆசிரியரை இங்குள்ள வழக்கப்படி மாஷ் என்றுதான் அழைக்கிறோம். ஒவ்வொருவரும் தனக்குத்தானே வெள்ளையாகவும் கறுப்பாகவும் காய் நகர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, தபால்காரர் ஒருமுறை "சண்டை போட ஆள் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்.

நாங்கள் நடத்துவது நிரூபண ஆட்டப் போட்டி. உங்கள் ஊரிலும் நான்கு பேர் சேர்ந்து இதைத் தொடங்கலாம். நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நிரூபண ஆட்டம் என்றால் என்ன

ஒரு சதுரங்க நிலை தரப்படும். ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து இந்த நிலை எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். யார் வெல்வார், எது நல்ல நகர்வு என்ற கேள்வியே இல்லை. விதிமீறல் இல்லாமல் இருந்தால் போதும். நகர்வுகள் எவ்வளவு முட்டாள்தனமாகவும் இருக்கலாம். எத்தனை நகர்வில் வர வேண்டும் என்பதும் சொல்லப்பட்டிருக்கும். 4.0 என்றால் வெள்ளையும் கறுப்பும் தலா நான்கு நகர்வுகள். 4.5 என்றால் வெள்ளை ஐந்தாவதையும் ஆடிவிட்டது, கறுப்பு நான்கோடு நிற்கிறது.

குறுகிய ஆட்டமாக இருப்பது மட்டும் பெரிய விஷயமில்லை. அந்த நிலைக்கு அத்தனை நகர்வில் வர ஒரே ஒரு ஆட்டம்தான் இருக்க வேண்டும். நகர்வுகளின் வரிசைகூட மாறக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் நீளத்தைக் குறைப்பதிலேயே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உண்மையான வேலை மற்ற வழிகளை அடைப்பதில்தான் இருக்கிறது. பொள்ளாச்சிக்காரர்கள் எங்கள் வீட்டுக்குக் கோபாலபுரம் வழியாகவும் வரலாம், சுற்றிக்கொண்டு வேலந்தாவளம் வழியாகவும் வரலாம். வந்து உட்கார்ந்த பிறகு, எந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்தார்கள் என்பதை அவர்களைப் பார்த்து மட்டுமே ஐயமில்லாமல் சொல்ல முடிந்தால் எப்படியோ, அப்படிப்பட்டது நல்ல நிரூபண ஆட்டம்.

அமைத்தவர் அறியாமல் திறந்து கிடக்கும் இரண்டாவது வழியை உலகப் புதிர் அமைப்பாளர்கள் 'குக்' என்கிறார்கள். எங்கள் திண்ணையில் அதற்குப் பெயர் ஊடுவழி. எல்லைப்புறத்தில் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: காய்களின் பெயரைத் தீர்மானியுங்கள்

இதை அற்பம் என்று நினைக்காதீர்கள். எங்கள் முதல் போட்டியே இதனால்தான் கலைந்தது. மாஷ் தன் விடைத்தாளில் 'யானை பி5' என்று எழுதியிருந்தார். பொள்ளாச்சி நண்பர் அரைமணி நேரம் பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "மாஷே, எஃப்1-இல் யானையே இல்லை. மூலையில் இருக்கும் யானை குறுக்கே எப்படிப் போகும்?" என்றார். மலையாளத்தில் யானை என்றால் பிஷப். மூலையில் நிற்பது தேர். தமிழ்நாட்டில் மூலையில் நிற்பதுதான் யானை. மந்திரியிலும் இதே கதை. தமிழில் பலர் பிஷப்பை மந்திரி என்கிறார்கள், மலையாளத்தில் ராணிதான் மந்திரி. ஒரே விடைத்தாள், எல்லைக்கு இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் தவறு.

அன்றிலிருந்து யானை, தேர், மந்திரி மூன்றையும் தள்ளிவைத்துவிட்டோம். எழுத்தில் ராஜா, ராணி, கோட்டை, பிஷப், குதிரை, சிப்பாய் மட்டும்தான். நெடுவரிசைகள் இடமிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. வெட்டுவதற்கு × குறி. சிப்பாய் நகர்வுக்குக் கட்டத்தின் பெயர் மட்டும். கீழே எல்லாம் அப்படியே.

கை பழக ஒரு புதிர்

வெள்ளை ஆடுவதை அப்படியே கண்ணாடி போல் கறுப்பும் ஆடுகிறது. வெள்ளை நான்காவது நகர்வில் செக்மேட் செய்ய வேண்டும். பழைய புதிர், பல தலைமுறைகளாகச் சுற்றி வருகிறது. ஒரு விடை: 1. டி4 – டி5 2. ராணி டி3 – ராணி டி6 3. ராணி எச்3 – ராணி எச்6 4. ராணி×சி8 செக்மேட். கறுப்பு ராணி தன் வீட்டை, அதாவது தொடக்கக் கட்டத்தை, விட்டுப் போனதால் டி8 காலியாகி, ராஜாவுக்கு வழி இல்லாமல் போகிறது.

இது நிரூபண ஆட்டம் அல்ல, நிலை எதுவும் தரப்படவில்லை. ஆனாலும் புதியவர்களுக்கு முதலில் இதைத்தான் தருகிறோம். எதிரி ஒத்துழைத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று யோசிக்க மூளை பழக வேண்டும். வருடக்கணக்கில் போட்டிச் சதுரங்கம் ஆடியவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள். ராணியை இனாமாகக் கொடுக்க அவர்களுக்குக் கை வருவதில்லை.

எண்ணத் தெரிய வேண்டும்

ஒரு நிலை கைக்கு வந்ததும் காயைத் தொடாதீர்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி கீறி, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு என்று எழுதுங்கள். இடம் மாறி நிற்கும் ஒவ்வொரு காயும் அங்கே வரக் குறைந்தது எத்தனை நகர்வு வேண்டும் என்று குறியுங்கள். பிறகு காணாமல் போனவற்றைப் பட்டியலிடுங்கள். காணாமல் போன வெள்ளைக் காயை ஏதோ ஒரு கறுப்புக் காய் வெட்டியிருக்கிறது, எங்கே, எது? அதற்கான நகர்வையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை தரப்பட்ட எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. குறைவாக இருந்தால் மீதி நகர்வுகள் எங்கோ ஒளிந்திருக்கின்றன.

ஒளிந்த நகர்வுகளுக்குச் சில விதிகள் உண்டு. குதிரை ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றுகிறது. ஆகவே வெளியே போய் வீடு திரும்ப அதற்கு இரட்டைப்படை நகர்வுகளே ஆகும். ஒற்றைப்படையில் திரும்பவே முடியாது. ராஜா, ராணி, கோட்டை, பிஷப் நான்கும் இரண்டிலும் திரும்பலாம், மூன்றிலும் திரும்பலாம். சிப்பாய் ஈ4-இல் நிற்கிறது என்றால் ஒரே தாவலில் வந்திருக்கலாம், ஈ3-இல் நின்று இரண்டு நகர்வில் வந்திருக்கலாம். ஒரு நகர்வை விழுங்க இதைவிட எளிய வழி கிடையாது. இன்னொன்று: காணாமல் போன காய் வெளியே போய்த்தான் வெட்டுப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அசையாமல் தன் வீட்டிலேயே வெட்டுப்பட்டிருக்கலாம். எங்கள் விடைத்தாள்களில் நடக்கும் தவறுகளில் பாதி இதுதான்.

ஓர்பானின் நான்கு நகர்வுகள்

இதைத் திபோர் ஓர்பான் 1976-இல் ஜெர்மானியப் புதிர் இதழான 'டி ஷ்வால்பே'யில் வெளியிட்டார். நிலை மிக எளியது. வெள்ளையின் ஈ சிப்பாய் ஈ4-இல், எஃப்1 பிஷப் இல்லை, மற்றவை அனைத்தும் வீட்டில். கறுப்பின் சிப்பாய்கள் சி6-இலும் ஈ6-இலும், டி7 காலி, மற்றவை அனைத்தும் வீட்டில். சரியாக 4.0 நகர்வில் வர வேண்டும்.

யாரைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு விடையோடு வருவார்கள்: 1. ஈ4 – ஈ6 2. பிஷப் பி5 – சி6 3. பிஷப்×சி6 – டி×சி6. நிலை சரி. ஆனால் மூன்றே நகர்வு! ஒன்று குறைகிறது. வெள்ளைக்குப் பிரச்சினை இல்லை, ஈ3 ஆடிவிட்டுப் பிறகு ஈ4 ஆடலாம். கறுப்பு என்ன செய்யும்? ஈ6, சி6, டி×சி6 மூன்றும் போக அதற்கு ஒரே ஒரு நகர்வு மிச்சம். ஒரே நகர்வில் எந்தக் காயும் வெளியே போய் வீடு திரும்ப முடியாது. இங்கேதான் பலர் தாளை மடித்து வைத்துவிட்டு டீ கேட்பார்கள்.

ஆகவே சி6-இல் நிற்பது டி சிப்பாய் அல்ல. நேராக நடந்து வந்த சி சிப்பாய். அப்படியானால் டி சிப்பாய் அசையவே இல்லை, டி7-இலேயே வெட்டுப்பட்டது. வெட்டிய பிஷப்பை யார் வெட்டியது? இப்போது கறுப்புக்கு ஈ6, சி6 போக இரண்டு நகர்வுகள் மிச்சம். போய்த் திரும்ப இரண்டு போதும்.

1. ஈ4 – ஈ6 2. பிஷப் பி5 – ராஜா ஈ7 3. பிஷப்×டி7 – சி6 4. பிஷப் ஈ8 – ராஜா×ஈ8.

ராஜா வெளியே வந்து நிற்க, பிஷப் அதன் காலியான வீட்டுக்குள் புகுந்து உட்கார்கிறது. ராஜா வீடு திரும்பி அதை வெட்டுகிறது. நிலையைப் பார்த்தால் ராஜா அசைந்ததாகவே தெரியாது. இதை முதலில் கண்டுபிடித்த அன்று மாஷ் எழுந்து நின்று சிரித்தார்.

இன்னொரு விஷயம். இந்த நிலையை மூன்று நகர்விலும் அடைய முடிகிறது என்பதால், கறாராகச் சொன்னால் இது 'மிகக் குறுகிய' ஆட்டம் அல்ல. 'சரியாக நான்கு நகர்வு' ஆட்டம். போட்டி அறிவிக்கும்போது இரண்டில் எது என்று தெளிவாக எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பரிசளிக்கும் நேரத்தில் வழக்கு வரும்.

சொந்தமாக அமைப்பது

நிலையிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு குறும்பிலிருந்து தொடங்குங்கள். என் முதல் ஆசை இது: வெள்ளைக் குதிரை ஈ7 வரை ஓடி அங்குள்ள சிப்பாயை வெட்ட வேண்டும், தானும் வெட்டுப்பட வேண்டும், வெட்டிய ராஜா ஒன்றும் அறியாதவர் போல வீடு திரும்ப வேண்டும்.

1. குதிரை சி3 – ஏ5 2. குதிரை டி5 – ஏ4 3. குதிரை×ஈ7 – ராஜா×ஈ7 4. எச்3 – ராஜா ஈ8.

பெருமையோடு நிலையைப் பலகையில் வைத்தேன். ஒன்பதாம் வகுப்புக்காரி பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ராஜாதான் வெட்ட வேண்டுமா மாமா?" என்றாள். வேண்டாம்தான். ராணி வெட்டிவிட்டு டி8 திரும்பலாம், பிஷப் எஃப்8 திரும்பலாம், குதிரை ஜி8 திரும்பலாம். நான்கு பேர் காவல் இருக்கும் கட்டத்தில் போய் விழுந்தால் நான்கு வழி திறக்கும். ஓர்பான் பிஷப்பை ஈ8-க்கு அனுப்பியதன் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது. அங்கே ராணி வெட்டினால் ராணி ஈ8-இலேயே மாட்டிக்கொள்ளும், ராஜாவும் வெளியே நிற்கும்.

பழுது பார்ப்பது எப்படி? ஆசையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். திரும்பும் நகர்வை வெட்டி எறிந்தேன். வெட்டிய காய் ஈ7-இலேயே நிற்கட்டும், அது பிஷப்பாக இருக்கட்டும்.

1. குதிரை சி3 – ஏ5 2. குதிரை டி5 – ஏ4 3. குதிரை×ஈ7 – பிஷப்×ஈ7.

3.0 நகர்வு. இனி ஊடுவழி உண்டா என்று சோதிப்போம். ஏ4 சிப்பாய் இரண்டு நகர்வைத் தின்கிறது, பிஷப் ஒன்று. கறுப்பின் கணக்கு முடிந்தது. ஈ சிப்பாய் அசைய நேரமே இல்லை, ஆகவே ஈ7-இலேயே வெட்டுப்பட்டது. கறுப்பு வெட்டக்கூடிய ஒரே நகர்வு பிஷப்×ஈ7, ஆகவே காணாமல் போன குதிரை அங்கேதான் செத்தது. பி1-இலிருந்து மூன்று தாவலில் ஈ7 போகச் சி3, டி5 தவிர வேறு பாதை இல்லை. வரிசையும் மாறாது. ஒரே வழி.

இதே ஆட்டத்தில் ஏ5, ஏ4 என்று ஒரே சிப்பாயை நடத்தியதற்குக் காரணம் உண்டு. ஏ6, எச்6 என்று இரண்டு சிப்பாய்களை ஆடவிட்டிருந்தால் எது முன், எது பின் என்ற கேள்வி வந்து ஆட்டம் இரண்டாகிவிடும். புதியவர்கள் அமைப்பதில் பெரும்பாலானவை இப்படித்தான் விழுகின்றன. 1. ஈ4 – ஈ5 2. குதிரை எஃப்3 – குதிரை சி6 என்ற, உலகமே ஆடும் தொடக்கத்தை எடுங்கள்: அந்த நிலைக்கு இரண்டு நகர்வில் வர நான்கு வரிசைகள் இருக்கின்றன. ஆனால் 1. ஈ4 – டி5 2. ஈ×டி5 – ராணி×டி5 என்பதற்கு ஒன்றே ஒன்று. வெட்டு, அடைப்பு, திறப்பு ஆகியவைதான் வரிசையைப் பூட்டும். பிஷப் வெளியேற முன்னால் சிப்பாய் நகர வேண்டும். ராஜா ஈ8-ஐக் காலி செய்யாமல் பிஷப் அங்கே புக முடியாது. ஒவ்வொரு நகர்வும் முந்தையதன் தோளில் ஏறி நிற்கும்படி கட்டுங்கள்.

கையால் சரிபார்ப்பது மூன்று, நான்கு நகர்வு வரை சாத்தியம். அதற்கு மேல் கணினி வேண்டும். வெள்ளையின் முதல் நகர்வுக்கு 20 வாய்ப்புகள், கறுப்பும் ஆடியதும் 400 ஆட்டங்கள், அடுத்து 8,902, அடுத்து 1,97,281. இருவரும் மூன்று நகர்வு முடித்ததும் 11,90,60,324. என் குதிரைக் கதை அந்தப் பதினோரு கோடிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஒன்று. வழக்கமான சதுரங்க மென்பொருள்கள் இதற்கு உதவாது. அவை நல்ல நகர்வை முன்னோக்கித் தேடுபவை. நிரூபண ஆட்டத்துக்கென்றே எழுதப்பட்டவை இருக்கின்றன: பாஸ்கல் வாசோங்கின் நாட்ச், எத்தியென் டுபுயியின் யூக்ளிட், பிரான்சுவா லபெல்லின் ஜாக்கோபி. பாப்பாய் என்ற பொதுப் புதிர் நிரலும் இதைச் செய்யும். பொள்ளாச்சி நண்பர்களில் ஒருவர் மடிக்கணினி கொண்டுவருவார், அது போட்டி முடியும் வரை பையிலேயே இருக்கும்.

போட்டியை நடத்தும் முறை

எங்கள் பிற்பகல் மூன்று சுற்றாக நடக்கிறது. முதலாவது விடை காணும் சுற்று: மூன்று நிலைகள், முக்கால் மணி நேரம். இது வெறும் வார்ம்-அப், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிலைகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்குங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது அமைக்கும் சுற்று, ஒன்றரை மணி நேரம். ஒரு நிபந்தனையை அறிவிப்போம்: 'ஒரு காயாவது தன் வீட்டிலேயே வெட்டுப்பட வேண்டும்', 'ராஜா வெளியே போய்த் திரும்பியிருக்க வேண்டும்' என்பது போல. நீள வரம்பு 6.0. நிபந்தனையை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அது கெட்ட நிபந்தனை. ஒருமுறை நான் மூன்று வரிக்கு எழுதிக் கொடுத்தேன், ஒன்றரை மணி நேரமும் விளக்கம் கேட்டே கழிந்தது. ஒவ்வொருவரும் இறுதி நிலையை ஒரு தாளிலும் விடையை வேறொரு தாளிலும் எழுத வேண்டும். நிலைத்தாளில் பெயர் இருக்கக் கூடாது.

மூன்றாவதுதான் எங்கள் திண்ணையின் உயிர்: ஊடுவழி வேட்டை. பெயரில்லாத நிலைத்தாள்களைக் குலுக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவோம். விடை தெரியாமல், முடிந்தவரை பல வழிகளில் அந்த நிலையை அடையப் பார்க்க வேண்டும். அரைமணி நேரம். அமைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மாற்றாமல் இருக்க வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தால்தான் தெரியும். பிறகு மடிக்கணினி வெளியே வரும்.

மதிப்பெண் முறை நாங்களே வகுத்தது. ஊடுவழி இல்லாத ஆட்டத்துக்கு 10. பிறருடையதில் ஊடுவழி கண்டால் கண்டவருக்கு 4. மனிதர் யாரும் காணாமல் கணினி மட்டும் கண்டால் அமைத்தவருக்கு ஆறுதலாக 3. சமநிலை வந்தால் குறுகிய ஆட்டம் வெல்லும். அழகுக்கு மாஷ் தனியாக 5 வரை கொடுப்பார், அதில் மேல்முறையீடு கிடையாது. ஒரு குறிப்பு: கணினியை அமைக்கும் சுற்றிலேயே அனுமதிக்கலாம் என்று ஒருமுறை முயன்றோம். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், திண்ணை செத்துப்போனது.

உலகச் சதுரங்கப் புதிர் அமைப்பாளர்களின் மாநாட்டில் பிரெஞ்சு அமைப்பாளர் மிஷேல் காயோ நடத்தும் போட்டிக்கு ஷாம்பெயின் போட்டி என்றே பெயர், பரிசும் அதுதான். சித்தூர் வட்டாரம் கள்ளுக்குப் பேர்போனது என்பதால் எங்களுக்கும் ஒருவர் யோசனை சொன்னார். ஒன்பதாம் வகுப்புக்காரி முதல் பரிசு வாங்கும் வாய்ப்பு அதிகம் என்பதைக் கருதி, நேந்திரங்காய் வறுவல் ஒரு கிலோ என்று முடிவானது.

அடுத்த படிக்கு

ஆறு மாதம் ஆனதும் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் வேறு காயாக மாறும் ஆட்டங்களைத் தொடலாம். ஒரு சிப்பாய் மாறக் குறைந்தது ஐந்து நகர்வுகள் ஆகும். மாறிப் பிறந்த காய் பிறகு வெட்டுப்பட்டுத் தடயமே இல்லாமல் போனால் அதற்குச் செரியானி–ஃப்ரோல்கின் கரு என்று பெயர். மாறிப் பிறந்த காய், வெட்டுப்பட்ட அசல் காயின் வீட்டில் போய் நின்று ஆள்மாறாட்டம் செய்தால் ப்ரான்கின் கரு. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது: பலகையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், ஒரு சிப்பாய் மட்டும் குறையும், வீட்டில் நிற்பவர் வீட்டுக்காரர் அல்ல. ஆனால் இவை 6.0 வரம்புக்குள் அடங்குவது அரிது, திண்ணையில் ஒன்றரை மணி நேரத்தில் முடியாது. வீட்டுப்பாடமாகக் கொடுத்து ஒரு மாதம் அவகாசம் விடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் வாசலில் கேட்கும் கேள்வியை இங்கேயும் வைக்கிறேன். நிலை கிடையாது, இரண்டு தகவல் மட்டும்: ஆட்டம் 1. ஈ4 என்று தொடங்குகிறது. கறுப்பின் ஐந்தாவது நகர்வில் குதிரை ஒரு கோட்டையை வெட்டிச் செக்மேட் செய்கிறது. நடுவில் என்ன நடந்தது? துப்பு ஒன்று தருகிறேன். வெள்ளை தன் நான்காவது நகர்வில் ராணியைப் பலி கொடுக்கிறது, அதுவும் செக் சொல்லிக்கொண்டே.